இருபது டிகிரி

மாப்பிள்ளையை இறக்கிவிட்டபோது மணி பதினொன்று.
அடியக்கமங்கலம். ஜபருல்லா வீட்டு வாசலில்
ஜெனரேட்டர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.
மார்கழியிலும் இவர்கள் வீட்டில் கல்யாணம் உண்டு;
அதனால் மார்கழியிலும் எனக்குச் சோறு உண்டு.

கலியபெருமாளின் டாட்டா ஏஸ்
காலையில்தான் வருமாம். டைனமோ.
"படுத்துட்டுப் போங்களேன்" என்றார்கள்.
எட்டு மணிக்கு வேளாங்கண்ணிக் கரையில் பிள்ளைகள் நிற்கும்,
கிறிஸ்துமஸ் லீவு,
ரவுண்டுக்கு நூறு ரூபாய்.
ஏறிவிட்டேன்.

ஊர்வலத்து ஜிகினாப் போர்வையை மடியில் விரித்தேன்.
கண்ணாடி இருந்தது, மணி இருந்தது,
சூடு மட்டும் யாரும் தைத்திருக்கவில்லை.

தைப்பனி தரையைத் துளைக்கும்,
மாசிப்பனி மச்சைத் துளைக்கும்.
மார்கழியை விட்டுவிட்டார்கள்,
குதிரை ஏறாதவர்கள்.
மார்கழிப்பனி முழங்காலைத் துளைக்கும்.
அங்கிருந்து இறங்கி, அங்கவடி இரும்பில்
கட்டைவிரலுக்காகக் காத்திருக்கும்.

போன வருசம் ஒரு போலந்துக்காரர்
வெற்று மேலோடு அலையில் நின்று
என் மப்ளரைப் பார்த்துச் சிரித்தார்.
பத்து விரலையும் இரண்டு தடவை விரித்தார்:
இருபது டிகிரி, இருபது டிகிரி.
இருக்கட்டும்.
இரு பக்கமும் சம்பா பால் பிடித்து நனைந்து நிற்க,
ஓடம்போக்கியின் ஈரம் மேலேறி வர,
உட்கார்ந்தபடியே காற்றுக்குள் போகிறவனுக்கு
எத்தனை டிகிரி என்று அவர் சொல்லவில்லை.

சட்டைக்குள் பேப்பர் வைத்திருந்தேன்.
வெள்ளிக்கிழமை இணைப்போடு, மார்புக்கு இரண்டு மடிப்பு.
கால்களில் யூரியா சாக்கு, சணல் கட்டு.
வயிற்றோடு சேர்த்து
ஹைருன்னிசா அம்மா தந்த பிரியாணிப் பொட்டலம்.
முதல் தடவையாகச் சோறு
வயிற்றுக்கு வெளியிலிருந்து என்னைக் காப்பாற்றியது.

சில்லறைக்கு ஒன்றுமில்லை.
(குதிரையின் பெயர் அது. அந்தியூர்ச் சந்தையில்
மிச்சமிருந்த பணத்துக்கு வந்தவள்.)
காதின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். கதகதப்பு.
மூக்கிலிருந்து இட்லிக் குண்டான் போல ஆவி.
குளிர் எனக்கு மட்டும்தான் அனுப்பப்பட்டிருந்தது.

கீழ்வேளூரில் தண்ணீர் காட்டக் கடிவாளம் கழற்றினேன்.
மறுபடி மாட்டும்முன் அந்த இரும்பை
அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன்,
பல்லைக் கடித்துக்கொண்டு, நூறு எண்ணும்வரை.
என்னிடம் மிச்சமிருந்ததில் பாதி அதற்குப் போயிற்று.
அவள் நாக்கில் பனியை வைக்க முடியாது.

அங்கேதான் யோசனை வந்தது.
சேணத்தைத் தெரிந்த டீக்கடையின் பெஞ்சுக்கடியில் தள்ளினேன்,
கரையில் பழசு ஒன்று கிடக்கிறது.
வெறும் முதுகில் ஏறினேன்.
அடுப்பு.
வேறு சொல் தேடினேன், வரவில்லை.
இத்தனை வருசம் தோலும் பஞ்சும் போட்டு
அடுப்பை மூடிவிட்டு
அதன் மேல் உட்கார்ந்து நடுங்கியிருக்கிறேன்.

சிக்கல் தாண்டும்போது கோயில் ஒலிபெருக்கி
தொண்டையைச் செருமிக்கொண்டது.
கடுவையாற்றுப் பாலத்தில் இறங்கி நடந்தேன்;
நடந்தால்தான் பாதம் என்னுடையது என்று தெரியும்.
ஒரு லாரி எங்களைக் கடந்து, மெதுவாகி,
டிரைவர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனார்.
ஜிகினாவைத் தலையோடு போர்த்தியிருந்தேன்.
வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரோ.

பரவையிலிருந்தே வீடுகளில் நட்சத்திரம் தொங்கியது.
ஜெசிந்தா கதவைத் திறந்து பொட்டலத்தை வாங்கினாள்.
"இது என்ன, ஐஸ்பெட்டியில வச்சு எடுத்தாந்தியா?"
சூட்டை வழியிலேயே தின்றுவிட்டேன் என்றேன்.
அடுப்பில் முதலில் கொள்ளு ஏறியது,
பிறகுதான் பிரியாணி.

எட்டரை மணி. கரையில் வெயில் வந்திருந்தது,
ஆனால் இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை.
குரங்குக் குல்லா போட்ட ஒரு சின்னப் பெண்
ஏறுமுன் சில்லறையின் விலாவில் கை வைத்தாள்.
எடுக்கவில்லை.
இன்னொரு கையையும் வைத்தாள்.
"அங்கிள்," என்றாள் மெதுவாக,
"இதுக்குக் காய்ச்சலா?"